பால்டிமோர் பாலம் விழுந்தபோது எங்கள் ஊரில் நடந்தது: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

2024 மார்ச் 26, செவ்வாய்க்கிழமை. பங்குனி உத்திரம் முடிந்த மறுநாள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு அன்றுதான் தொடங்கியது, முதல் தாள் தமிழ். நான் அறைக் கண்காணிப்பாளர். செல்போனை அணைத்துத் தலைமையாசிரியர் அறையில் கொடுத்துவிட்டுத்தான் ஹாலுக்குள் போக முடியும். பிள்ளைகள் ஒரு மதிப்பெண் கேள்விகளை முடித்துக் குறுவினாக்களில் இருந்த நேரம். நம் கடிகாரத்தில் பதினொன்றாக ஒரு நிமிடம் இருந்தபோது, அமெரிக்காவின் பால்டிமோர் துறைமுகத்திலிருந்து கொழும்புக்குக் கிளம்பிய டாலி என்ற சரக்குக் கப்பல் அங்கிருந்த ஃபிரான்சிஸ் ஸ்காட் கீ பாலத்தின் தூணில் மோதியது. அங்கே நள்ளிரவு தாண்டி 1:29. சில நொடிகளில் பாலத்தின் நடுப்பகுதி முழுக்க ஆற்றில் கிடந்தது.

எனக்கு இது தெரிய மாலை நாலு மணி ஆனது. சொன்னவர் ஒரு மஞ்சள் விவசாயி.

எங்கள் ஊர் பவானிக்கும் கோபிக்கும் நடுவில், கீழ்பவானி வாய்க்கால் ஓரத்தில் இருக்கிறது. மஞ்சள், கரும்பு, கொஞ்சம் வாழை. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் ஒரு ராத்திரி பஸ்ஸில் உட்கார வேண்டும். அப்படிப்பட்ட ஊரிலிருந்து ஒரு பையன் மெக்கானிக்கல் படித்து, அதன்மேல் ஒரு வருடம் கப்பல் இன்ஜினியர் படிப்பும் முடித்து, ஃபோர்த் இன்ஜினியராக ஒரு எண்ணெய்க் கப்பலில் இருந்தான். என்னிடம் பிளஸ் டூ இயற்பியல் படித்தவன். சில வருடங்களுக்கு முன் அவன் போன கப்பல் ஹூஸ்டன் துறைமுகத்தைத் தொட்டபோது ஒரு போட்டோ அனுப்பினான். அன்றிலிருந்து அவன் அப்பா யார் கேட்டாலும் "பையன் அமெரிக்காக் கப்பல்ல இருக்கானுங்" என்றுதான் சொல்வார். பெருமைக்குச் சொன்னது. பின்னால் நடந்ததற்கெல்லாம் முதல் நூல் இதுதான்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்ல வேண்டும். பையனுக்குப் பெண் பார்த்திருந்தார்கள். தாராபுரம் பக்கம் ஒரு குடும்பம். ஜாதகம் பொருந்தி, இரண்டு வீட்டாரும் வந்து போய், சம்பந்தத்தை உறுதிசெய்கிற உப்புச் சர்க்கரைச் சடங்குக்கு நாள் குறிக்கிற கட்டத்தில் இருந்தது. பெண் கோவையில் ஐடி வேலை.

குடும்பத்தின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய ஒன்றிரண்டு விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

முதல் இரண்டு நாளில் கண்டவை

அன்று அவர்கள் களத்தில் மஞ்சள் வேகவைக்கிற நாள். நீராவி மிஷினை வாடகைக்கு எடுத்து, ஆள் விட்டு, காலையிலிருந்து வேலை ஓடிக்கொண்டிருந்தது. மதியச் செய்தியில் பாலம் விழுகிற வீடியோவும், கப்பலில் இருந்தவர்கள் எல்லோரும் இந்தியர்கள் என்ற வரியும் ஒன்றாக வந்தன. முதலில் 22 பேர் என்றார்கள். பிறகு சரியான கணக்கு வந்தது: கப்பல் ஊழியர்கள் 21 பேர், அதில் 20 பேர் இந்தியர், ஒருவர் இலங்கையர்.

அமெரிக்கா, கப்பல், இந்தியர். ஊர் இந்த மூன்றையும் கூட்டிக் கணக்கை முடித்துவிட்டது. இரண்டரை மணிக்கு முதல் ஆள் வீட்டுக்கு வந்தார். நாலு மணிக்குள் திண்ணை நிறைந்துவிட்டது. வந்தவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தில் வரவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். ஒருவர் இளநீர் கொண்டுவந்தார். பக்கத்துத் தோட்டத்து அம்மா, பையனின் பாட்டி கையைப் பிடித்துக்கொண்டு அழவே ஆரம்பித்துவிட்டார். துக்கம் விசாரிக்கிற மாதிரி ஒருத்தர் வந்து அழுதால், வீட்டில் இருப்பவர்களும் நம்ப ஆரம்பித்துவிடுகிறார்கள். பாட்டி மதியச் சோற்றை ஒதுக்கிவிட்டார். மிஷினைப் பார்த்துக்கொண்டிருந்தவரும் திண்ணைக்கு வந்துவிட்டதால் ஒரு கொப்பரை மஞ்சள் அளவுக்கு மீறி வெந்து, கையில் எடுத்தால் நசுங்குகிற பதத்துக்குப் போய்விட்டது. நான் போனபோது களம் முழுக்க அந்த வாடைதான்.

பையனின் போன் கிடைக்கவில்லை. நடுக்கடலில் அது வழக்கம்தான். ஆனால் அன்று அதற்கும் ஓர் அர்த்தம் வந்துவிட்டது.

சாயங்காலம் டீக்கடையில் பேச்சு வேறு பக்கம் திரும்பியது. குடித்துவிட்டு ஓட்டியிருப்பான்கள் என்று ஒரு கட்சி. வேண்டுமென்றே மோதியது, தீவிரவாதம் என்று ஒரு கட்சி. கப்பல் கம்ப்யூட்டரை யாரோ ஹேக் செய்துவிட்டார்கள் என்று மூன்றாவது. வேண்டுமென்றே செய்ததற்கு எந்த ஆதாரமும் இல்லை என்று அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்பிஐ அன்றைக்கே சொல்லியிருந்தது. அது டீக்கடை வரை வரவில்லை.

மறுநாள் ஒரு கார்ட்டூன் சுற்றியது. அமெரிக்காவில் யாரோ வரைந்தது. கோவணம் கட்டிய ஆட்கள் கப்பலின் கட்டுப்பாட்டு அறைக்குள் அலறுகிற மாதிரி. இந்தியர்களைக் கேவலப்படுத்துவதற்கென்றே செய்யப்பட்ட படம். எங்கள் ஊரில் அதைப் பார்த்து முதலில் சிரித்தார்கள், அப்புறம்தான் கோபம் வந்தது. கோபம் வந்த அதே நாளில் இன்னொரு செய்தியும் வந்தது. கப்பலிலிருந்து அபாய அழைப்பு போனதால்தான் போலீஸ் பாலத்தில் வண்டிகளை நிறுத்த முடிந்தது. அப்படி நிறுத்தியவர்களை மேரிலாந்து ஆளுநர் வெஸ் மூர் வீரர்கள் என்று பாராட்டினார். இது ஊருக்கு வந்து சேரும்போது "நம்ம பசங்க ஹீரோ" என்று ஆகியிருந்தது. முந்தின நாள் குடிகாரன், அடுத்த நாள் ஹீரோ. இரண்டுக்கும் நடுவில் யாருக்கும் புதிதாக ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

அப்போது உறுதியாகத் தெரிந்தவை

கப்பலின் நீளம் சுமார் 300 மீட்டர். ஏறத்தாழ 4,700 கன்டெய்னர்கள். சரக்கோடு எடை ஒரு லட்சம் டன்னுக்கு மேல். பாலத்துக்கு ஒரு கிலோமீட்டர் தூரத்தில் இருந்தபோது கப்பலில் மின்சாரம் மொத்தமாகப் போனது. வந்தது, மறுபடி போனது. உள்ளூர்த் துறைமுக பைலட்டுகள் இருவர் கப்பலில் இருந்தார்கள். துறைமுகத்திலிருந்து வெளியே போகும்வரை கப்பலை வழிநடத்துவது அவர்கள் வேலை. இழுவைப் படகுக்குச் சொன்னார்கள், நங்கூரத்தை இறக்கச் சொன்னார்கள், பாலத்தை மூடச் சொன்னார்கள். அழைப்பு போனதற்கும் பாலம் விழுந்ததற்கும் நடுவில் இரண்டு நிமிடம்கூட இல்லை.

பாலத்தின் மேல் எட்டுப் பேர் இருந்தார்கள். சாலையில் குழி மூடிக்கொண்டிருந்த ஏழு பேர், வேலையைப் பார்வையிடும் ஆய்வாளர் ஒருவர். இருவர் பிழைத்தார்கள், ஆறு பேர் இறந்தார்கள். மெக்சிகோ, குவாத்தமாலா, ஹோண்டுராஸ், எல் சால்வடார் என்று பல நாடுகளிலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

மின்சாரம் ஏன் போனது என்பது மட்டும் தெரியவில்லை. அங்கே யாருக்குமே தெரியவில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, அன்று இரவு ஊரில் எதையும் அறிவிக்காமல் இருப்பது. பையனின் அப்பா மைக் போட்டாவது "என் பையன் அந்தக் கப்பல்ல இல்லைங்" என்று சொல்ல வேண்டும் என்று நின்றார். நான் தடுத்தேன். பையனிடமிருந்து ஒரு வார்த்தை வராமல் நாம் சொன்னால் அதுவும் வதந்தியில்தான் சேரும் என்பது என் எண்ணம். அவனுடைய கம்பெனியின் சென்னை அலுவலக எண் வீட்டில் ஒரு டைரியில் இருந்தது. கூப்பிட்டோம். அவன் இருக்கும் கப்பல் வேறு, எல்லோரும் நலம் என்று ஐந்தரை மணிக்கே சொல்லிவிட்டார்கள். பாட்டி நம்பவில்லை. இரவு ஒன்றரை மணிக்குப் பையனின் செய்தி வந்தது: "அப்பா நான் நல்லா இருக்கேன். அது வேற கம்பெனி வேற கப்பல். நாங்க ஆப்பிரிக்கா சுத்திட்டு இருக்கோம்." செங்கடலில் தாக்குதல் நடந்துகொண்டிருந்த காலம் அது. பல கப்பல்கள் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றித்தான் போய்க்கொண்டிருந்தன. பாட்டி அதற்கப்புறம்தான் மோர் குடித்தார்.

இந்த முடிவு பாதி சரி. ஐந்தரை மணிக்குக் கம்பெனி சொன்னதை அப்போதே திண்ணையில் சொல்லியிருக்கலாம். மறுநாள் காலை வரை நாங்கள் வாயை மூடிக்கொண்டிருந்ததால், "அவங்க ஒண்ணும் பேச மாட்டேங்கறாங்க" என்பதே ஒரு சாட்சியாக ஆகிவிட்டது. தாராபுரத்துக்குச் செய்தி போனது அந்த ராத்திரியில்தான்.

இரண்டாவது முடிவு, ஞாயிற்றுக்கிழமை மார்ச் 31 அன்று, வாசகசாலைத் திண்ணையில் ஒரு கூட்டம். நாற்பது பேர் வந்திருப்பார்கள். கப்பல் என்றால் என்ன, அது ஏன் சட்டென்று நிற்காது என்று விளக்குவதாக ஏற்பாடு. இயற்பியல் வாத்தியாருக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது என்று நானே உள்ளுக்குள் கொஞ்சம் குஷியாக இருந்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

கரும்பு டிராக்டரை வைத்துச் சொன்னேன். பின்னால் இரண்டு டிரெய்லர் நிறையக் கரும்பு. வாய்க்கால் மேட்டிலிருந்து இறங்கும்போது இன்ஜின் நின்றுபோகிறது. ஸ்டீயரிங் இறுகிவிடும். டிராக்டருக்காவது பிரேக் உண்டு. கப்பலுக்கு அதுவும் கிடையாது. புரொப்பல்லர் சுற்றித் தண்ணீரைத் தள்ளினால்தான் சுக்கானுக்கு வலு. புரொப்பல்லர் நின்ற பிறகு சுக்கானை எவ்வளவு திருப்பினாலும் பெரிய கப்பல் லேசில் திரும்பாது. மோதியபோது வேகம் மணிக்கு 12 கிலோமீட்டர்தான், சைக்கிளில் நிதானமாகப் போகிற வேகம். ஆனால் எடை? இருபது டன் கரும்பு லாரி ஐயாயிரத்தை ஒன்றாகக் கட்டி இழுத்துவிட்ட மாதிரி. இதைச் சொன்னதும் கூட்டத்தில் ஒரு "அடேங்கப்பா" எழுந்தது. அதுவரை எல்லாம் நன்றாகவே போனது.

இது முதல் தடவை நடந்ததல்ல என்பதையும் சொன்னேன். 1975-இல் ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட்டில் கப்பல் மோதி டாஸ்மன் பாலம் விழுந்து 12 பேர் இறந்தார்கள். 1980-இல் அமெரிக்காவின் டம்பா விரிகுடாவில் சன்ஷைன் ஸ்கைவே பாலம் விழுந்து 35 பேர். அங்கே புதிதாகக் கட்டிய பாலத்தில் தூண்களைச் சுற்றிக் கப்பலைத் தடுக்கும் திண்டுகள் வைத்தார்கள். பால்டிமோர் பாலம் 1977-இல் திறந்தது. அதற்கு அந்த அளவு பாதுகாப்பு இல்லை.

அப்புறம் ஒருவர் கேட்டார், "அப்ப கரண்டு ஏனுங் போச்சு?" அங்கேதான் தப்பு செய்தேன். டீசல் கலப்படமாக இருக்கலாம் என்று அமெரிக்கப் பத்திரிகையில் ஒரு செய்தி வந்திருந்தது. விசாரணையில் அதையும் பார்ப்பார்கள் என்ற அளவில்தான் அது. "கலப்பட எண்ணெய்தாங்க காரணம், பசங்க மேல ஒரு தப்பும் இல்ல" என்று நான் அடித்துச் சொன்னேன். கலப்பட டீசல் போட்டு மோட்டாரைக் கெடுத்துக்கொண்ட அனுபவம் எல்லோருக்கும் இருந்தது. எனவே சந்தேகமே இல்லாமல் ஏற்றுக்கொண்டார்கள். அன்று இரவுக்குள் அது ஊர் முழுக்கப் பரவியது. வதந்தியை அடக்கப் போன கூட்டத்திலிருந்து கிளம்பிய வதந்தி.

கூட்டம் முடியப்போகிற நேரத்தில் பின்னாலிருந்து ஒரு அம்மா எழுந்தார். ஐம்பது வயதிருக்கும். சாலை ஒப்பந்தக்காரரிடம் கூலிக்குப் போகிறவர், ஜல்லி கொட்டி, தார் ஊற்றிக் குழி மூடுகிற வேலை. முழங்கை வரை பழைய சட்டை போட்டிருந்தார், அதில் தார்ப் பொட்டுகள்.

"ஏனுங் வாத்தியாருங்க, வண்டியெல்லாம் நிறுத்திப் போட்டாங்கன்னீங்க. மேல வேலை செஞ்சவங்களுக்கு ஏனுங் சொல்லாம உட்டாங்க?"

"நேரம் இல்லீங்கம்மா" என்றேன்.

"வண்டிக்கு நேரம் இருந்துச்சில்லீங்?"

என் கையில் இரண்டு பக்கக் குறிப்பு இருந்தது. கப்பலின் நீளம், எடை, வேகம், 1975, 1980. மேலே நின்றவர்களைப் பற்றி அதில் ஒரு வரி. போலீஸ்காரர் ஒருவர், இன்னொரு வண்டி வந்ததும் மேலே போய் அவர்களைக் கூப்பிடுவதாக வயர்லெஸ்ஸில் பேசியிருந்தார், அதற்குள் பாலம் போய்விட்டது என்று எங்கேயோ படித்தது ஞாபகம் வந்தது. சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தார். பதில் போதவில்லை என்பது எனக்கும் தெரிந்தது.

அதே கூட்டத்தில் எங்கள் வாய்க்கால் பாலத்தின் பேச்சும் வந்தது. கரும்பு லாரிகள் அளவுக்கு மீறி ஏற்றிப் போகின்றன, கைப்பிடிச் சுவர் விரிசல் விட்டிருக்கிறது என்று ஒரு மனு எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். தேர்தல் நேரம். மனு வாங்கிக்கொண்டார்கள், ஜூலையில் சுவருக்குப் பூசி வெள்ளையடித்தார்கள். லாரிகள் அப்படியேதான் போகின்றன.

பெண் வீட்டில்

மூன்றாவது முடிவுதான் முக்கியமானது. தாராபுரத்திலிருந்து போன் வருவது நின்றுவிட்டது. பையனின் அப்பா போனில் விளக்கம் சொல்லப் பார்த்தார். போனில் வேண்டாம், நேரில் போவோம் என்றேன். முகத்தைப் பார்த்துச் சொன்னால்தான் நம்புவார்கள். ஏப்ரல் முதல் வாரத்தில், தேர்வு இல்லாத ஒரு நாளில், அப்பா, பையனின் தாய்மாமன், நான் மூவரும் போனோம். வாத்தியார் சொன்னால் எடுபடும் என்று என்னைக் கூட்டிப்போனார்கள். அதுவே பின்னால் வினையானது.

நல்ல மனிதர்கள். பையன் அந்தக் கப்பலில் இல்லை என்பதை உடனே ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் அவர்களுடைய கவலை அதைத் தாண்டிப் போயிருந்தது. பெண்ணின் அப்பா கேட்டார்: "அந்தப் பசங்களை இப்ப என்னங்க பண்ணுவாங்க? நாளைக்கு நம்ம மாப்பிள்ளைக்கு இப்படி ஒண்ணு வந்தா?"

"விசாரிச்சிட்டு ஒரு வாரம் பத்து நாள்ல ஊருக்கு அனுப்பிருவாங்க" என்றேன்.

பெண் சமையலறை நிலையோரம் நின்றுகொண்டிருந்தது. அதுவரை ஒன்றும் பேசவில்லை. "அவங்களுக்கு வீட்டுக்குப் பேச போன் இருக்குங்களா சார்?" என்று கேட்டது.

"போனெல்லாம் இருக்குதும்மா, தினமும் பேசுவாங்க."

இரண்டு பதிலுக்கும் என்னிடம் எந்த ஆதாரமும் கிடையாது. பதற்றத்தைத் தணிக்க வேண்டும் என்று வாயில் வந்ததைச் சொன்னேன். அன்று அது நன்றாகவே வேலை செய்தது. சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றார்கள். உப்புச் சர்க்கரையை வைகாசியில் வைத்துக்கொள்ளலாம் என்று பேச்சு முடிந்தது. திரும்பி வரும்போது காரில் எல்லோருக்கும் நிம்மதி.

அடுத்து நடந்தவை

ஏப்ரல் 15 அன்று எஃப்பிஐ கப்பலில் ஏறியது. விசாரணைக்காக ஊழியர்களின் செல்போன்களை எடுத்துக்கொண்டார்கள். வீட்டுக்குப் பேச முடியாமல், பணம் அனுப்ப முடியாமல் அவர்கள் தவிக்கிறார்கள் என்று செய்தி வந்தது. மாற்றுப் போன்கள் பிறகுதான் கிடைத்தன. அந்தப் பெண் கேட்ட கேள்வியும் நான் சொன்ன பதிலும் அப்படியே பத்திரிகையில் வந்து நின்ற மாதிரி இருந்தது.

கரையில் இறங்க அனுமதி இல்லை, விசா முடிந்துவிட்டது. பாலத்தின் இரும்புச் சட்டம் கப்பலின் மூக்கின் மேல் விழுந்து கிடந்தது. மே 13 அன்று அதை வெடிவைத்துத் துண்டித்தார்கள். அப்போதும் ஊழியர்கள் கப்பலுக்குள்ளேதான் இருந்தார்கள். மே 20-இல் கப்பலை மிதக்கவைத்து இழுத்துப் போனார்கள். முதல் சிலர் ஊருக்குக் கிளம்ப முடிந்தது ஜூன் மூன்றாம் வாரத்தில். நான் சொன்னது பத்து நாள். நடந்தது ஏறக்குறைய மூன்று மாதம், சிலருக்கு அதற்கும் மேல்.

மே 14-இல் அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் முதல்நிலை அறிக்கை வந்தது. எரிபொருளைப் பரிசோதித்ததில் குறை எதுவும் தென்படவில்லை. அதாவது என் கலப்பட டீசல் போய்விட்டது. அதோடு இன்னொன்றும் இருந்தது. கிளம்புவதற்கு முந்தின நாள், துறைமுகத்தில் நிற்கும்போதே கப்பலில் இரண்டு தடவை மின்சாரம் போயிருந்தது. அதில் முதலாவது, பராமரிப்பு வேலையின்போது ஊழியர் ஒருவர் புகைபோக்கி வழியின் தடுப்பைத் தவறுதலாக மூடியதால் வந்தது. பாலத்துக்கு முன்னால் நடந்தது அதனால்தான் என்று அறிக்கை சொல்லவில்லை. ஆனால் "ஒரு தப்பும் இல்ல" என்று திண்ணையில் நின்று சொன்னவன் நான். டீக்கடையில் ஒருவர் பேப்பரை மடித்து என் முன்னால் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனார்.

மே கடைசியில் தாராபுரத்திலிருந்து ஆள் வந்து, "புள்ளைக்கு மனசு ஒப்பலீங்" என்று பக்குவமாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். எல்லாம் அந்தப் பாலத்தால் வந்தது என்று சொல்ல மாட்டேன். வருடத்தில் ஏழெட்டு மாதம் கடலில் இருக்கிற மாப்பிள்ளை என்பதில் அவர்களுக்கு ஆரம்பத்திலிருந்தே கொஞ்சம் தயக்கம் இருந்திருக்கிறது. ஆனால் அந்தப் பெண் தன் அத்தையிடம் சொன்னதாக என் காதுக்கு வந்தது இது: "கப்பல் வேலை கஷ்டம்னு சொல்லியிருந்தா யோசிச்சிருப்பேன். தினமும் பேசுவாங்கன்னு அந்த சார் சொன்னாரு."

பையனிடம் நானே போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "நீங்க என்கிட்ட கேட்டிருக்கலாம் சார்" என்றான். கேட்டிருக்கலாம்தான். போன் வசதி எப்படி, விபத்து நடந்தால் ஊழியர்களை எத்தனை நாள் வைத்திருப்பார்கள், பழக்கமானவர்களுக்கு என்ன நடந்தது, எல்லாம் அவனுக்குத் தெரியும். எங்கள் மூவரில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. அவனைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம், அவனோடு பேசவில்லை.

இறுதி அறிக்கைக்குப் பிறகு

கப்பலின் உரிமையாளரும் நிர்வாக நிறுவனமும் 2024 அக்டோபரில் அமெரிக்க அரசுக்குச் சுமார் 10.2 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டார்கள். 2025 மார்ச்சில் அதே வாரியம், அந்தப் பாலத்துக்குக் கப்பல் மோதி விழும் அபாயம் ஏற்கத்தக்க அளவைப்போல் ஏறக்குறைய 30 மடங்கு இருந்தது என்றும், முன்பே கணக்கிட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்றும் சொன்னது.

காரணம் 2025 நவம்பர் 18-இல் வந்தது. ஒரு ஒயர். மின்பலகையில் ஒயர் முனைக்கு மேல் அடையாளத்துக்காக ஒரு சின்ன லேபிள் பட்டை மாட்டியிருப்பார்கள். அந்தப் பட்டை முனையை ஒட்டி இறங்கியிருந்ததால் ஒயர் அதன் இடத்தில் முழுதாக உட்காரவில்லை. அது தளர்ந்து, பிரேக்கர் விழுந்து, முதல் மின்தடை வந்தது. இரண்டாவது மின்தடைக்குக் காரணம், ஜெனரேட்டருக்கு எண்ணெய் தள்ள, தானாக மறுபடி ஓடத் தொடங்காத ஒரு பம்ப்பைப் பயன்படுத்தியது. இது ஆட்கள் நடத்திய முறையில் இருந்த குறை. ஆக, குடிகாரனும் இல்லை, ஹேக்கரும் இல்லை, கலப்பட டீசலும் இல்லை. ஒரு தப்பும் இல்லாத ஹீரோக்களும் இல்லை.

இதைச் சொல்லப் பையனின் அப்பா வீட்டுக்குப் போனேன். கிணற்று மேட்டில் நின்றுகொண்டிருந்தார். கேட்டுவிட்டு மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த ஒயர்களை ஒவ்வொன்றாக விரலால் இழுத்துப் பார்த்தார். ஒன்று ஆடியது. "இதுதாங்களா?" என்றார். இதுதான் என்றேன். மெயினை அமர்த்திவிட்டு ஸ்க்ரூ டிரைவர் எடுத்துவரப் போனார்.

அதே அறிக்கையில் இன்னொரு வரி இருந்தது. வண்டிகளை நிறுத்தச் சொன்ன அதே நேரத்தில் சாலைப் பணியாளர்களுக்கும் சொல்லியிருந்தால், பாலத்தின் விழாத பகுதிக்குப் போய்ச் சேர அவர்களுக்கு நேரம் இருந்திருக்கலாம். வாசகசாலைத் திண்ணையில் 2024 மார்ச்சிலேயே கேட்ட கேள்வி. அந்த அம்மாவைத் தேடிப் போனேன். சத்தி ரோட்டில் வேலையில் இருந்தார். சொன்னேன். "நாந்தான் அன்னிக்கே கேட்டனுங்களே" என்றார். பிறகு, "எங்களுக்கும் ஒரு விசில்காரனைப் போடச் சொல்லி நாலு வருசமாக் கேக்கறோமுங்" என்றார். பின்னால் ஒரு கல் லாரி எங்களை உரசிக்கொண்டு போனது.

மறுபடி வந்தால் மாற்றிச் செய்வது

முதல் நாள் மாலை கம்பெனி சொன்ன அளவை அப்போதே திண்ணையில் இருந்தவர்களுக்குச் சொல்வேன்: "கம்பெனி இப்படிச் சொல்லுது, பையன் இன்னும் பேசல." அவ்வளவுதான் தெரியும் என்பதையும் சேர்த்து.

கூட்டம் போடுவதை மாற்ற மாட்டேன். அது தேவைப்பட்டது. ஆனால் காரணம் கேட்டால், விசாரணை முடிய ஒன்றரை இரண்டு வருடம் ஆகும் என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். நாற்பது பேர் முகத்தைப் பார்த்துக்கொண்டு "தெரியாதுங்க" என்று சொல்வது வாத்தியாருக்குச் சுலபமில்லை. இருபத்திரண்டு வருடத்தில் பழகாத ஒன்று. குறிப்பெடுக்கும்போது இறந்தவர்களிலிருந்து ஆரம்பிப்பேன், கப்பலின் எடை பிறகு வரட்டும்.

பெண் வீட்டுக்கு நான் போகவே கூடாது. அல்லது, போனால் பையனை வீடியோ அழைப்பில் பிடித்துக் கொடுத்துவிட்டு வாசலில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

பையன் இப்போது தேர்ட் இன்ஜினியர். ஜாதகம் மறுபடி வெளியே போயிருக்கிறது. போன மாதம் அந்தியூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வீட்டார் கப்பல் வேலையைப் பற்றி விசாரிக்க என்னிடம் வந்தார்கள். அவன் நம்பரைக் கொடுத்து, அவனிடமே கேட்கச் சொல்லி அனுப்பிவிட்டேன்.